உரலும் ஆலையும்: அரிசி தீட்டும் தொழிலில் எது திறன்?

நெல் உணவன்று, அரிசியே உணவு. களத்தில் குவிந்து கிடக்கும் நெல் எவ்வளவு மிகுதியாக இருந்தாலும், உமி நீங்கும் வரையில் அதில் ஒரு பிடியும் உலையில் ஏறாது. வயலுக்கும் அடுப்புக்கும் இடையே நிற்கும் இந்த ஒரு வேலையை ஆசியாக் கண்டத்தின் கோடிக்கணக்கான மக்களுக்காக நாள்தோறும் யாரேனும் செய்தே தீரவேண்டும். பன்னூறு ஆண்டுகளாகப் பெண்கள் அதனை உரலிலும் உலக்கையிலும் செய்துவந்தனர். பின்னர் துறைமுகங்களில் நீராவி ஆலைகள் எழுந்தன. அவற்றை அடுத்துச் சிற்றூர்தோறும் சிறு இயந்திரங்கள் வந்தன.

இவற்றுள் எது திறன் மிக்கது? வளர்ந்துவரும் நாடுகளின் அரசுகளும் அறிஞர்களும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி இது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் விடை எளிது. மணிக்கு மிகுதியான நெல்லை அரைப்பதே திறன் மிக்கது என்று சொல்லிவிடலாம். ஆனால் வரலாறு அந்த விடையை அப்படியே ஏற்கவில்லை. திறன் என்பது ஒரு கணக்கு. எவற்றைக் கணக்கில் சேர்க்கிறோம், எவற்றை விட்டுவிடுகிறோம் என்பதைப் பொறுத்தே அதன் விடை அமையும்.

அரிசி தீட்டும் தொழிலில் இக்கணக்கு இருமுறை தவறியது. முதன்முறை விட்டுப்போனது உண்பவரின் உடல்நலம். அதற்கு விலையாகப் பல்லாயிரம் உயிர்கள் போயின. மறுமுறை விட்டுப்போனது நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலி. முதல் தவற்றைக் கண்டறிந்த ஆராய்ச்சியில் மலாயாவுக்கும், இங்கு வந்து உழைத்த தமிழரின் சோற்றுப் பானைக்கும் பங்குண்டு.

நெல்மணியின் கணக்கு

தொழிலை அறியுமுன் மணியின் அமைப்பை அறிதல் வேண்டும். நெல்மணிக்கு வெளிப்புறத்தில் உமி. அதனை அடுத்துத் தவிட்டுத் தோல். ஒரு முனையில் முளை. நடுவே மாவுப்பொருள் நிறைந்த வெள்ளரிசி. 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமியாகவும், 8 முதல் 10 கிலோ வரை தவிடும் முளையுமாகவும் போய்விடும். எஞ்சுவது 70 கிலோ அளவான வெள்ளரிசி. எந்த இயந்திரமும் இந்த எல்லையைத் தாண்டி வெள்ளரிசி தர இயலாது. 70-ஐ எவ்வளவு நெருங்குகிறது, அதில் முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு என்பவையே ஆலைக்காரர் பார்க்கும் திறன்.

உமி நீங்குவதால் உண்பவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. தவிட்டின் நிலை வேறு. எண்ணெய், பி-1 உயிர்ச்சத்து ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலுமே அடங்கியிருக்கிறது. ஆயினும் தவிட்டில் உள்ள அதே எண்ணெய்தான் அரிசி விரைவில் சிக்கு நாற்றம் அடைவதற்கும் காரணமாகிறது. தவிடு ஒட்டிய அரிசி மூட்டையில் நெடுநாள் தாங்காது. தவிடு முற்றும் நீங்கிய வெள்ளை அரிசியோ கப்பலேறிக் கடல் கடந்து, கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தாலும் பெரிதும் கெடாது. உரலின் வழியும் ஆலையின் வழியும் வேறுபட்டதற்கு இதுவே அடிப்படை.

உரலின் வழி

நெல்லை நெல்லாகவே குதிரிலும் பத்தாயத்திலும் சேர்த்துவைத்து, இரண்டொரு நாள் தேவைக்கு மட்டும் எடுத்துக் குத்துவது உரலின் வழி. உமியே நெல்லுக்கு இயற்கை அளித்த உறை. அந்த உறைக்குள் இருக்கும் வரையில் மணி கெடுவதில்லை. அன்றன்று குத்திய அரிசிக்குக் கெட்டுப்போக நேரமில்லை. ஆதலால் தவிட்டை முற்றிலும் நீக்கவேண்டிய தேவையும் இல்லை. முறத்தில் புடைத்துக் கொழித்தபின் உமி அடுப்புக்கு, தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு என எதுவும் வீணாகாமல் வீட்டிலேயே தங்கிவிடும்.

இத்தொழில் மிகத் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில், உலக்கை கொண்டு குத்தும் மகளிர் பாடும் வள்ளைப்பாட்டு இடம்பெற்றிருப்பதை இலக்கியம் பயின்றோர் அறிவர். மலாய்க் கம்பங்களில் இதே வேலைக்கு லெசோங் என்னும் மர உரலும், காலால் மிதித்து இயக்கும் லெசோங் காக்கியும் வழங்கிவந்தன. ஜாவாவில் நீண்ட மரத்தொட்டி உரலின் இருபுறமும் பெண்கள் வரிசையாக நின்று குத்துவது வழக்கம். வங்காளத்தில் காலால் மிதிக்கும் டேக்கி வீட்டுக்கு வீடு இருந்தது.

தமிழகத்திலும் ஈழத்திலும் கேரளத்திலும் வங்காளத்திலும் இன்னொரு வழக்கமும் உண்டு. நெல்லைக் குத்துமுன் ஊறவைத்து, அவித்து, வெயிலில் உலர்த்திப் புழுங்கல் ஆக்குவதே அது. அவிக்கும்போது மணியின் உள்ளிருக்கும் மாவுப்பொருள் இளகி, வெடிப்புகளை அடைத்துக்கொள்கிறது. ஆகவே புழுங்கல் நெல்லைக் குத்தினால் நொய் குறைவாக விழும். அதே வேளையில் தவிட்டிலிருக்கும் பி-1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குச் சென்று தங்கிவிடுகிறது. பின்னர் தவிட்டை நீக்கினாலும் அச்சத்து முற்றும் போய்விடுவதில்லை. முன்னோர் இரண்டாவது பயனை அறிந்து இதைச் செய்தனர் என்று கூறுவதற்கில்லை. அரிசி உடையாது, எளிதில் உமி கழலும் என்ற அனுபவமே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வாறு உரலைப் புகழ்ந்துவிட்டு அத்துடன் நின்றுவிடுதல் முறையாகாது. நெல் குத்துதல் கடும் உழைப்பு. விடியுமுன் எழுந்து குத்தினால்தான் அன்றைய சோறு. இந்த உழைப்பில் இருவகைப் பெண்கள் ஈடுபட்டனர். ஒரு வகையினர் தம் வீட்டு நெல்லைக் கூலியின்றிக் குத்தியவர்கள். மற்றொரு வகையினர் நிலமற்ற ஏழைகள். வசதியுள்ளோர் வீட்டு நெல்லைக் குத்தி, அரிசியில் ஒரு பங்கைக் கூலியாகப் பெற்று வாழ்ந்தவர்கள். பின்னால் இயந்திரம் வந்தபோது முதல் வகையினருக்கு அது விடுதலையாயிற்று. இரண்டாம் வகையினருக்கு அதுவே வேலையிழப்பாயிற்று. இந்த வேறுபாட்டை மறந்தவர்களே பிற்காலத்தில் கணக்கில் இடறினர்.

நீராவி ஆலைகள்

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரிசி உலகச் சந்தைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1852-ல் கீழைப் பர்மாவைக் கைப்பற்றினர். சயாம் 1855-ல் பௌரிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு அரிசி ஏற்றுமதிக்கு வாயிலைத் திறந்தது. 1858-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று பாங்காக்கில் முதல் நீராவி அரிசி ஆலையை நிறுவியது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கான வழி சுருங்கியது. ரங்கூனிலும் பாங்காக்கிலும் ஆற்றங்கரை நெடுகப் புகைபோக்கிகள் எழுந்தன. பாங்காக் ஆலைகளுள் பெரும்பாலானவை நாளடைவில் சீன வணிகர் கைக்கு மாறின.

இந்த ஆலைகளை ஆலையின் கணக்கால் அளந்தால் அவற்றின் திறனை மறுக்க இயலாது. தாம் நீக்கிய உமியையே கொதிகலனில் எரித்து நீராவி உண்டாக்கின. எரிபொருளுக்குத் தனிச் செலவு பெரிதாக இல்லை. ஆற்றில் படகுகள் நெல்லைக் கொண்டுவந்து இறக்கின. கப்பல்கள் அரிசியை ஏற்றிச் சென்றன. கப்பலில் நெடுநாள் கெடாதிருக்க வேண்டுமாதலால் தவிடு அறவே நீக்கப்பட்டு, அரிசி பளபளவெனத் தீட்டப்பட்டது. வெள்ளை அரிசி உயர்ந்தது, குத்தரிசி தாழ்ந்தது என்ற எண்ணமும் அதனுடன் பரவியது.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் வந்த மக்கள் தொகைக்கு உள்நாட்டு நெல் போதவில்லை. ஆகவே இந்நாடு சயாம், பர்மா அரிசியை நம்பி வாழத் தொடங்கியது. குறைந்த செலவில், மிகுந்த அளவில், நாள் தவறாமல் அரிசி வந்தது. ஆனால் அந்த அரிசி சென்ற இடமெல்லாம் பெரிபெரி என்னும் நோயும் சென்றது. கால்கள் மரத்துப்போதல், வீக்கம், நடக்க இயலாமை, இறுதியில் இதயம் தளர்ந்து மரணம்: இவையே அந்நோயின் போக்கு. சுரங்கத் தொழிலாளர், சிறைக் கைதிகள், படைவீரர், மருத்துவமனையில் தங்கியோர் எனப் பிறர் சமைத்துத் தரும் அரிசியை உண்டவர்களையே அது மிகுதியாகத் தாக்கியது.

ஜாவாவின் கோழிகளும் சிறைகளும்

அந்நாளில் கிருமிகளைக் கண்டறிவதே மருத்துவ உலகின் பெருவேட்கையாக இருந்தது. பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருக்கவேண்டும் என்று டச்சு அரசு கருதியது. அதைத் தேடும் பணியில் பத்தாவியாவில் ஈடுபட்டவர் கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் மருத்துவர். அவர் வளர்த்த கோழிகளுக்கும் பெரிபெரியை ஒத்த நோய் ஒன்று கண்டது. சில மாதங்களில் அது தானே மறைந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, படை மருத்துவமனைச் சமையற்கூடத்தில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகள் உண்ட காலத்தில் நோய் வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தபின் நோய் நீங்கியதும் புலனாயின.

அடுத்து அடோல்ப் வோர்டர்மான் என்னும் மருத்துவ அதிகாரி ஜாவாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறைச்சாலைகளில் கைதிகள் உண்ட அரிசியை ஆராய்ந்து 1897-ல் அறிக்கை வெளியிட்டார். வெள்ளை அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் பெரிபெரிக்கு ஆளாகியிருந்தனர். தவிடு நீங்காத அரிசி வழங்கிய சிறைகளிலோ பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே நோய் இருந்தது. 1901-ல் கெரிட் கிரைன்ஸ் என்பவர், தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஏதோ ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாமையே நோய்க்குக் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

மலாயாவில் கிடைத்த சான்று

இதே காலத்தில் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் பிராடன் ஓர் எளிய உண்மையைக் கவனித்தார். ஒரே நாட்டில், ஒரே வெயிலில் வாழும் மூவினத்தாருள் சீனத் தொழிலாளரே பெரிபெரியால் மாண்டனர். மலாய்க்காரர் தம் வயலின் நெல்லைத் தாமே குத்தி உண்டனர். அவர்களிடம் நோய் அரிது. தமிழர் புழுங்கல் அரிசி உண்டனர். அவர்களிடமும் நோய் அரிது. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த வெள்ளை அரிசி. இவற்றைத் தொகுத்துப் பிராடன் 1907-ல் நூலொன்று வெளியிட்டார். நெடுநாள் கிடந்த அரிசியில் நஞ்சு தோன்றுகிறது என்று அவர் கூறிய காரணம் பின்னர் தவறெனத் தெரிந்தது. ஆயினும் நோயின் வேர் அரிசியில் இருக்கிறது என்ற அவர் முடிவு நிலைத்தது.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1905 முதல் 1906 வரை வில்லியம் பிளெட்சர் ஒரு சோதனை நடத்தினார். அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சயாம் வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். வெள்ளை அரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தம் நிலையைத் தாமே உரைக்க இயலாத நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை இது என்பதை நினைக்க மனம் வருந்துகிறது. அந்தப் பதினெண்மரின் மரணத்தின் மீதுதான் இந்த அறிவு எழுந்தது.

கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் டுரியான் திப்புஸ் என்னும் காட்டுப்பகுதியில் சாலை அமைத்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடையே இச்சோதனையை மீண்டும் நடத்தினர். வெள்ளை அரிசி உண்ட அணியிலேயே நோய் கண்டது. இரு அணிகளின் அரிசியையும் மாற்றியபோது நோயும் அணி மாறியது. குற்றவாளி கிருமியும் அன்று, தட்பவெப்பமும் அன்று. ஆலையில் தவிட்டை அறவே நீக்குவதே என்பது 1909-ல் வெளியான அவர்களுடைய ஆய்வால் உறுதியாயிற்று. மறு ஆண்டில் மணிலாவில் கூடிய கீழ்த்திசை மருத்துவர் மாநாடும் இதனை ஏற்றது. 1926-ல் பத்தாவியாவில் யான்சன், டோனாத் என்னும் இருவர் அரிசித் தவிட்டிலிருந்து அந்த உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தனர். எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கொள்ளவேண்டும். நோய்க்குக் காரணம் ஆலையின் பருமன் அன்று, தீட்டலின் மிகுதியே. புழுங்கல் அரிசியைப் பேராலை தீட்டினாலும் அதில் சத்து ஓரளவு நிற்கும். பச்சரிசியைச் சிறு ஆலை அளவுக்கு மீறித் தீட்டினாலும் சத்து போய்விடும். ஆயினும் நீராவி ஆலையின் கணக்குப் புத்தகத்தில் உமி, நொய், தவிடு, கூலி, கப்பல் கட்டணம் அனைத்துக்கும் வரி இருந்தது. பெரிபெரிக்கு மட்டும் வரி இல்லை. அச்செலவைச் சுரங்கத் தொழிலாளியின் உடல் சுமந்தது.

சிற்றூருக்கு வந்த இயந்திரம்

பேராலைக்கும் உரலுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று தோன்றியது. பிரேசில் நாட்டில் எவரிஸ்தோ எங்கெல்பெர்க் என்பவர் 1885-ல் காப்பிக் கொட்டைக்கும் நெல்லுக்கும் தோல் நீக்கும் சிறு இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். 1888-ல் அமெரிக்காவின் சிராக்கியூஸ் நகரில் அதைச் செய்து விற்க ஒரு நிறுவனம் தோன்றியது. தமிழகத்தார் ஹல்லர் என்று வழங்கும் இயந்திரம் இதுவே. துளைத் தகட்டுக்கு மேல், வரி வரியாகப் புடைத்த இரும்பு உருளை ஒன்று சுழலும். நெல் அதற்கிடையே உராய்ந்து, உமியும் தவிடும் ஒருங்கே கழன்று விழும்.

விலை மலிவு, பழுது பார்க்க ஊர்க் கொல்லரே போதும், ஓர் அறையும் ஒரு மோட்டாரும் இருந்தால் ஆலை. எனவே அது ஆசியாவெங்கும் பரவியது. அதற்குக் குறைகளும் இருந்தன. உமியும் தவிடும் கலந்துவிடுவதால், எண்ணெய் எடுக்கத்தக்க நல்ல தவிடு கிடைப்பதில்லை. பச்சை நெல்லை இட்டால் அரிசி மிகுதியாக உடையும். 100 கிலோவுக்கு 60 கிலோவும் தேறாமற்போவது உண்டு. புழுங்கல் நெல்லை இட்டாலோ உடைவது குறைவு. தமிழகத்திலும் வங்காளத்திலும் ஹல்லர் நெடுங்காலம் நிலைத்ததற்கு, வீட்டு முற்றத்தில் பெண்கள் நெல்லை அவித்து உலர்த்தித் தந்ததும் ஒரு காரணம். இயந்திரத்தின் திறன் இயந்திரத்துக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஜப்பானியர் வேறு வழியில் சென்றனர். சாத்தாக்கே ரீச்சி 1896-ல் ஆற்றலால் இயங்கும் அரிசி தீட்டும் இயந்திரத்தை அந்நாட்டில் முதன்முதல் செய்தார். பிற்காலத்தில் ரப்பர் உருளைகள் வந்தன. வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு ரப்பர் உருளைகள் உமியை மட்டும் கழற்றும். தவிட்டைத் தனியே வேறு பொறி நீக்கும். இவற்றைச் சிறு அளவிலும் அமைக்க முடிந்தது. சிறியது என்றால் திறன் குறைந்தது என்ற எண்ணத்தை இந்த இயந்திரங்கள் பொய்யாக்கின.

இந்தியாவின் முயற்சி

காந்தியடிகள் 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவினார். வார்தாவில் அதை நடத்தியவர் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசியைப் பரப்புவது சங்கத்தின் முதற் பணிகளுள் ஒன்று. அயல்நாட்டில் கணக்காய்வும் பொருளியலும் கற்றவரான குமரப்பா, உடல்நலம், ஊர்மக்களின் வேலை ஆகிய இரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். மேலே கூறிய இரு தவறுகளையும் ஒருசேரக் கண்டவர் அவர் எனலாம்.

விடுதலைக்குப்பின் 1958-ல் இந்திய நாடாளுமன்றம் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. புதிய ஆலைக்கு இசைவு தருமுன், அவ்வட்டாரத்தில் எத்தனை ஆலைகள் உள்ளன, நெல் போதுமா, ஆலையால் பலர் வேலை இழப்பார்களா என்பவற்றை ஆராய வேண்டும் என்று அது விதித்தது. நோக்கம் நல்லது, ஆயினும் ஹல்லர்கள் பெருகியவண்ணம் இருந்தன. வீட்டுப் பெண்களுக்கு உலக்கை பிடிக்க விருப்பமில்லை. குத்துக் கூலியைவிட ஆலைக் கூலி மலிவாக இருந்தது. சட்டம் 1997-ல் நீக்கப்பட்டது.

ஜாவாவில் நடந்த வாதம்

சிறு ஆலையின் திறனைப் பற்றிப் பொருளியல் உலகம் மிகக் கூர்ந்து வாதிட்டது ஜாவாவை முன்னிட்டே. 1970-களின் தொடக்கத்தில் இந்தோனேசிய அரசுக்கு ஆலோசனை கூறிய வெளிநாட்டுப் பொறியியலார், நெல்லை உலர்த்தி, சேமித்து, தீட்டும் மாபெரும் நிலையங்களை அமைக்கச் சொன்னார்கள். அவை 100 கிலோ நெல்லிலிருந்து மிகுதியான அரிசி தரும் என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் பீட்டர் டிம்மர் இதனை மறுத்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கைக்குத்தல், சிறு ஆலை, பேராலை, இருவகை நிலையங்கள் என ஐந்து முறைகளை அவர் ஒப்பிட்டார். பேரமைப்பு சில கிலோ அரிசியை மிகுதியாகத் தருவது உண்மைதான். ஆனால் முதல் அரிதாகவும் உழைப்பு மலிவாகவும் உள்ள நாட்டில், அச்சில கிலோவுக்காகச் செலவிடும் முதல் மிகப் பெரிது. அந்நாட்டின் கூலி, வட்டி, விலைவாசிகளை வைத்துப் பார்த்தால் சிறு ஆலையே ஏற்றது என்பது அவர் முடிவு.

இதன் காரணத்தைப் பள்ளிக் கணக்கைப்போல் விளக்கலாம். ஒரு பேராலை 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோவும், சிறு ஆலை 65 கிலோவும் தருவதாகக் கொள்வோம். வேறுபாடு 3 கிலோ. பேராலைக்கு நெல் தொலைவிலிருந்து வரவேண்டும். வண்டியில் ஏறும் ஒவ்வொரு 100 கிலோவிலும் 30 கிலோ உமியும் தவிடும். அறுவடைக் காலத்தில் குவியும் நெல், மற்ற மாதங்களில் குறையும். அப்போது பேராலை ஓய்ந்து கிடக்கும். வட்டி மட்டும் ஓயாது. சிறு ஆலைக்கோ உழவர் தோளிலும் மிதிவண்டியிலும் நெல் வரும். உமியும் தவிடும் அவருடனேயே வீட்டுக்குத் திரும்பும். அந்த 3 கிலோ எங்கே போயிற்று என்பது விளங்கும்.

டிம்மரின் விடையோடு வாதம் முடியவில்லை. போகோரில் வேளாண் பொருளியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த வில்லியம் கோலியரும் அவருடைய துணைவர்களும் 1974-ல் ஒரு மறுப்பு எழுதினர். சிறு ஆலை பேராலையைவிடச் சிறந்தது என்பது சரி. ஆனால் அது உண்மையில் வந்தமர்ந்தது பேராலையின் இடத்தில் அன்று, உரலின் இடத்தில் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டினர். சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஹல்லர்கள் ஜாவாச் சிற்றூர்களை நிறைத்துவிட்டன. கூலிக்குக் குத்திய பெண்கள் ஆண்டுக்கு 12 கோடியே 50 லட்சம் வேலைநாட்களையும், ஏறத்தாழ 5 கோடி அமெரிக்க டாலர் வருவாயையும் இழந்தனர் என்பது அவர்கள் மதிப்பீடு. நிலமுள்ளவருக்குக் குத்துக் கூலி மிச்சமாயிற்று. ஆலைக்காரருக்கு வருவாய் வந்தது. நிலமற்ற பெண்ணுக்கு அரிசியில் கிடைத்த பங்கு நின்றது. நாட்டின் மொத்தக் கணக்கில் இலாபம். அவள் குடிசைக் கணக்கில் பட்டினி.

வங்காளதேசத்தில் மார்ட்டின் கிரீலி செய்து 1987-ல் வெளியிட்ட ஆய்வும் இதனையே காட்டியது. அறுவடைக்குப்பின் நெல்லில் நான்கில் ஒரு பங்கு வரை வீணாகிறது, ஆதலால் புதிய இயந்திரங்கள் தேவை என்று அந்நாளில் பலர் கூறிவந்தனர். சிற்றூர்களில் அளந்து பார்த்தபோது இழப்பு பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை. டேக்கி மிதித்த பெண்கள் நெல்லை வீணாக்கவில்லை. அவர்கள் வேலைதான் ஆலையால் போயிற்று.

பேரமைப்பு தேவையான இடம்

எல்லா இடத்திலும் சிறியதே நன்று என்று கூறிவிடுவதும் தவறு. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1966-ல் தொடங்கி 1970-ல் நிறைவுற்றது. அதனால் ஆண்டுக்கு இருபோகம் விளைந்தது. ஒரு போகத்தின் அறுவடை மழைக்காலத்தில் வந்தபோது, ஈர நெல்லை வெயிலில் உலர்த்தும் பழைய வழி கைகொடுக்கவில்லை. ஈர நெல் சில நாட்களில் சூடேறிக் கெட்டுவிடும். சிறு ஆலைக்காரரிடம் பெரும் உலர்த்திகள் இல்லை. 1971-ல் அமைந்த தேசிய நெல், அரிசி வாரியம் உலர்த்தி, சேமிக்கும் பெருநிலையங்களைக் கட்டியதற்கு இது வலுவான காரணம். அவ்வாரியத்தின் பணியை 1994-ல் உருவான பெர்னாஸ் நிறுவனம் ஏற்றது. கூலி உயர்ந்து, இளைஞர் நகரங்களுக்குச் சென்றுவிட்ட நாட்டில் ஜாவாவின் 1973-ஆம் ஆண்டுக் கணக்கு அப்படியே பொருந்தாது.

வரலாறு தரும் கணக்கு

இந்த நெடிய வரலாற்றிலிருந்து மூன்று கேள்விகள் எழுகின்றன. உணவைப் பதப்படுத்தும் எந்தத் தொழிலுக்கும் இவை பொருந்தும்.

முதலாவது: 100 கிலோ நெல்லிலிருந்து எவ்வளவு அரிசி, எவ்வளவு முதல் செலவிட்டுக் கிடைக்கிறது? இதற்குப் பேராலை எப்போதும் விடையன்று. திருத்திய சிறு ஆலை பல நாடுகளில் அதனை வென்றிருக்கிறது.

இரண்டாவது: அந்த அரிசியை உண்பவர் நலமாக வாழ்கிறாரா? தோட்டத்துத் தமிழர் உண்ட புழுங்கல் அரிசி இதற்கு விடை கூறியது. நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து அரிசியை மதிப்பவர் இன்றும் இக்கேள்வியை மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது: இந்த வேலையைச் செய்து நேற்றுவரை உண்டவர் இன்று எதனால் உண்பார்? இது இயந்திரத்தைத் தடுப்பதற்கான கேள்வியன்று. உலக்கையை மீண்டும் பெண்ணின் கையில் கொடுக்கவேண்டும் என்று நெல் குத்தியறிந்த எவரும் சொல்லமாட்டார். இயந்திரம் வருமுன்பே அவளுக்கு வேறு வேலை, அல்லது அந்த ஆலையிலேயே ஒரு பங்கு, ஆயத்தமாக இருந்திருக்க வேண்டும் என்பதே இதன் பொருள். கூட்டுறவு முறையில் ஊர்ப் பெண்களே சிறு ஆலையை உடைமையாகக் கொண்டால், உழைப்பின் சுமை நீங்கிய பயனும் வருவாயும் ஒரே கையில் சேரும்.

முதற் கேள்விக்குப் பொறியியலார் விடை கண்டனர். இரண்டாவதற்கு மருத்துவர் விடை கண்டனர். அதற்குள் பல்லாயிரவர் மாண்டனர். மூன்றாவது கேள்விக்கு விடை காணும் பொறுப்பு ஆட்சியாளருக்கும் ஊர் மக்களுக்கும் உரியது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் அதற்கென ஒரு வரி இன்னும் பெரும்பாலும் எழுதப்படவில்லை.